கீலுக்கு ஒரு பொட்டு கிரீஸ்

தாவூது பாயிடம் ரிப்பேருக்கு வண்டி விட்டவர்கள், வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பதில்லை. இன்றைக்கு ராக்கெட் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். இருந்தால் வண்டி நாளைக்குத்தான். இதில் அதிகமாக அடிபட்டவன் நான். பெயர் அய்யாத்துரை. திருவொற்றியூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். வேனுக்கு வயசாகிவிட்டது, வாராவாரம் அதற்கு எங்கேயாவது வலிக்கும். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகள் ஹார்பருக்குப் போக வழி கிடைக்காமல் வரிசைகட்டி நிற்கிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஷெட் பாயுடையது. நானும் அவனும் ஒரே கார்ப்பரேஷன் ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாக ஃபெயில் ஆனவர்கள். அதனால் எனக்கு ‘அவன்’ என்றுதான் எழுத வருகிறது.

நல்ல மெக்கானிக். அவன் காதுபட இதைச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே தலைக்கனம் ஜாஸ்தி. ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிரேக்கோ கிளட்ச்சோ, எந்த வேலைக்கு வந்த வண்டியாக இருந்தாலும் சரி, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறப்பான். ஆட்காட்டி விரலால் கிரீஸ் டப்பாவை ஒரு தொடு தொட்டு, கதவின் கீலில் வைப்பான். இரண்டு தடவை திறந்து மூடுவான். “பொட்டு வச்சாச்சு, எத்துகினு போ” என்பான். இதற்குத் தனியாக எதுவும் வாங்க மாட்டான். கதவு சத்தமில்லாமல் மெத்தென்று மூடும். உள்ளே என்ன ரிப்பேர் பார்த்தான் என்று எவனுக்குத் தெரியும்? கதவு மெத்தென்று மூடினால் வண்டியே புதுசான மாதிரி ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. பாதிப் பேர் அந்தப் பொட்டுக்காகத்தான் அவனிடம் வருகிறார்கள் என்பது என் கட்சி.

ராக்கெட் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புதுசில்லை. ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு நேர் வடக்கே இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போனால், வள்ளூர் மின்நிலையப் புகைபோக்கிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் எழும்பும், பின்னாலேயே வெள்ளையாக ஒரு கோடு. பார்த்துவிட்டு, காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுவோம். பாயும் அப்படித்தான் இருந்தான். சில வருஷங்களுக்கு முன் டீக்கடை டிவியில், ‘இந்தச் செயற்கைக்கோள் பத்தாண்டுகள் செயல்படும்’ என்று ஒரு பெண் செய்தி வாசித்தாள். அங்கே ஆரம்பித்தது வினை.

“நடுவுல சர்வீஸுக்கு எப்போ எறக்குவாங்கோ?” என்று கேட்டான் பாய்.

“எறக்க மாட்டாங்க” என்றேன்.

“ஆயிலு மாத்தறது?”

“மாத்த முடியாது பாய். மேல போனா போனதுதான்.”

கையில் இருந்த டீ ஆறிப் போகிற வரைக்கும் அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். “சர்வீஸே கெடையாதா!” என்று எனக்குச் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டான். ஒரு வண்டி திரும்பி வரவே வராது என்பதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் பார்த்த வண்டி எல்லாமே திரும்பி வந்தவைதான். சில வண்டிகள் மறுநாளே திரும்பி வரும், என்னுடையது உட்பட.

அதற்கப்புறம் பாயைப் பிடிக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ராக்கெட் வீடியோ. விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே எப்போது வருகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டான். சாயங்காலம் அது மணி அடித்தால், ஜாக்கியில் தூக்கி வைத்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு, காத்திருக்கிற வாடிக்கையாளரையும் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப் போவான். வானத்தில் ஒரு புள்ளி நகர்ந்து போகும். “அதோ போவுது பாரு. அதுல உள்ளாறயே மெக்கானிக் கீறான்” என்பான். எதையும் வண்டிக் கணக்கில்தான் அவன் புரிந்துகொள்வான். ராக்கெட் என்றால், ஒவ்வொரு கியர் போட்டு முடித்ததும் அந்தக் கியர்பாக்ஸையே கழற்றிக் கடலில் போட்டுவிட்டு ஓடுகிற வண்டி. செயற்கைக்கோள் என்றால், ஒரே தடவை பூட்டி அனுப்புகிற வண்டி. அந்த மாதிரி ஒரு வண்டியில் தன் கை பட்ட ஒரு நட்டாவது போக வேண்டும் என்பது எப்போது அவனுக்கு ஆசையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் என் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைச் சொன்னான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

தஹ்சீன் வந்தது அப்புறம்தான். பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். படித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாகச் செயற்கைக்கோள் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறாள். நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தது, ஒரு ஷூ பெட்டி அளவுக்குத்தான் செயற்கைக்கோளே. அவளுடைய கார் ராயபுரம் பாலத்து மேல் நின்றுபோய், பாயின் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று பாய் பேச்சுக்குக் கேட்டான். அவள் சொன்னாள். கையில் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. இது நான் சேர்த்துச் சொல்வதில்லை, என் கால் பக்கத்தில்தான் விழுந்தது.

கார் சரியான பிறகும் அவளைப் போக விடவில்லை. கேள்வி மேல் கேள்வி. அவளும் சலிக்காமல் சொன்னாள். பெட்டியின் பக்கவாட்டில் சூரிய ஒளித் தகடு ஒன்று கதவு மாதிரி மடங்கி இருக்கும். மேலே போனதும் அது திறக்க வேண்டும். திறந்தால்தான் கரண்ட்.

“ஒரே ஒரு தடவைதான் மாமா திறக்கணும். ஆனா அந்த ஒரு தடவை கண்டிப்பா திறக்கணும்.”

“தொறக்கலைன்னா?”

“அவ்வளவுதான். எல்லாம் வேஸ்ட்டு.”

அதற்காகக் கீழேயே அதை ஆயிரம் தடவை, இரண்டாயிரம் தடவை திறந்து மூடிப் பார்ப்பார்களாம். அதற்கான மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்து சேரவில்லை, இப்போதைக்குக் கையால் திறந்து மூடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். பாய் எழுந்து போய்ப் பழைய இரும்புக் குவியலைக் கிளறினான். ஒரு வைப்பர் மோட்டாரோடு வந்தான்.

“மயை பேஞ்சா நாள் பூரா முன்னாடி பின்னாடி போய்கினே கீதே, இதுக்கு இன்னா கொறைச்சலு?”

தஹ்சீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எடுத்துக்கொண்டு போனாள். மோட்டாரிலிருந்து உதிரும் கரித்தூள் தகட்டின் மேல் படக் கூடாது என்று, தகட்டைச் சோதிக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அதை வைத்து, ஒரு கம்பியை மட்டும் உள்ளே விடச் சொன்னது அவள்தான். கம்பியை வளைத்து, முன்னே பின்னே போகிற மாதிரி இணைத்துக் கொடுத்தது பாய். அது ஓடியது. ஒரு வாரம் விடாமல் ஓடியது. பாய் தினமும் போன் போட்டு, “இன்னும் ஓடுதாம்மா?” என்று விசாரித்தான். என் வேனைப் பற்றி அப்படி ஒரு நாளும் விசாரித்ததில்லை.

அடுத்து வந்ததுதான் கீல். அந்தத் தகட்டுக் கதவுக்கான கீல், சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. அம்பத்தூர் லேத்தில் கடைந்தார்கள். உள்ளே போகிற பின் ஒரு மயிரிழை இறுக்கமாக இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய பட்டறையில் இன்னொரு செட்டுக்குச் சொல்லியிருந்தார்கள், அது உபரியாக இருக்கட்டும் என்று. அந்தப் பின்னைக் கையால் இழைத்துப் பொருத்த ஆள் வேண்டும் என்று தஹ்சீன் சொல்லி வாயை மூடவில்லை, பாய் கையை நீட்டிவிட்டான். முதலில் சோதனைக்கு ஒன்று கொடுத்தார்கள். வைப்பர் மோட்டாரில் மாட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது. அதன் பிறகு, மேலே போகப் போகிற நிஜக் கீலையே அவனிடம் கொடுத்தார்கள்.

கொடுக்கும்போது தஹ்சீன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். “எண்ணெய் கூடாது மாமா. கிரீஸ் கிட்டவே வரக் கூடாது. உள்ளே கறுப்பா ஒரு பூச்சு இருக்கு பாருங்க, அதுவே போதும்.”

“வறட்டுக் கீலா?” பாயின் முகம் சுருங்கிவிட்டது.

“ஆமா. மேல காத்து இல்ல. கிரீஸ் ஆவியாகிப் போய், பக்கத்துல இருக்குற கேமரா கண்ணாடியில படிஞ்சிரும். அப்புறம் எடுக்கிற படம் எல்லாம் மங்கல்தான். போய்த் துடைக்க ஆளா அனுப்ப முடியும்?”

துடைக்க ஆள் அனுப்ப முடியாது என்பது மட்டும் அவனுக்கு நன்றாகப் புரிந்தது. கீலை ஷெட் பக்கமே கொண்டுபோகவில்லை. வீட்டில், சாப்பாட்டு மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணி விரித்து வேலை பார்த்தான். அதற்கு முன் நகம் வெட்டி, கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். அவன் மனைவி அஜீசா அங்கன்வாடியில் டீச்சர், வாய் கொஞ்சம் நீளம். “நிக்காஹ் அன்னிக்குக் கூட மனுஷன் இப்பிடித் தேச்சுக் குளிக்கல அண்ணே. அன்னிக்கும் நகத்துல கிரீஸு” என்றாள் என்னிடம். மூன்று நாள் குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. கீல் தயாரானது. விரலால் தொட்டால் தானாகத் திறந்தது.

இதை அவன் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. யானைக்கவுனியில் இருக்கிற மச்சானிலிருந்து, எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். திருமலை காதிலும் விழுந்தது. திருமலை காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் டிரைவர், எங்கள் கூட்டத்தில் பேனர் மன்னன். யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் கட்சி மாறினாலும் பேனர் வைத்துவிடுவான். ஷெட் வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. ஒரு மூலையில் ராக்கெட், நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட தாவூது பாய். ‘விண்ணைத் தொடப்போகும் விரலே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்!’ பாயைவிட திருமலை மூத்தவன். அதைக் கேட்டதற்கு, “பேனர்ல அப்பிடித்தான் எய்துவாங்க, நீ சும்மா இரு நைனா” என்று என்னை அடக்கிவிட்டான். கீழே அவன் பெயர் பாயின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

பேனர் திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி. எல்லோரும் கீலைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். பாய் வீட்டுக்குப் போய் அதைப் பெட்டியோடு எடுத்துவந்தான். “கண்ணால பாரு, கையால தொடாத” என்று அதட்டிக்கொண்டே ஷெட் மேசை மேல் வைத்துத் திறந்து காட்டினான். ஆளாளுக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மனசாரத் தட்டினேன். மறுநாள் தஹ்சீன் வந்து வாங்கிப் போனாள். வெளிப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, செயற்கைக்கோளில் பொருத்திவிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் செயற்கைக்கோளைப் பூட்டிச் சீல் வைத்து அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை என் வேனுக்கு முன்சக்கர பேரிங் போனது. பாய் மாற்றினான். வழக்கம் போல டிரைவர் கதவைத் திறந்தான், விரலால் டப்பாவைத் தொட்டான், பொட்டு வைத்தான், இரண்டு தடவை திறந்து மூடினான். அப்படியே நின்றுவிட்டான். என்னமோ பாம்பு கடித்த மாதிரி தன் விரலையே பார்த்தான்.

“அய்யாத்துரை. ஞாயித்துக்கெயமை நான் கீலை எப்டிக் காட்டுனேன்?”

“தொறந்து மூடிக் காட்டுன.”

“எத்தினி தபா?”

“ரெண்டு தபா.” அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அவன் வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். “பொட்டு வச்ச அப்பாலதான்டா நான் ரெண்டு தபா தொறந்து மூடுவேன்.”

ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். மேசை மேல் பெட்டி, அதற்குப் பக்கத்திலேயே எப்போதும் மூடியில்லாத கிரீஸ் டப்பா. வைத்தாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். பொட்டு வைப்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி, அது அவனைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. திருமலை அன்றைக்குப் போனில் வீடியோ எடுத்திருந்தான். ஓடிப் போய் வாங்கிப் பார்த்தோம். பாய் கீலை எடுக்கிறான், விரல் நகர்கிறது, சரியாக அந்த இடத்தில் கேமரா பேனரில் இருக்கிற திருமலையின் பெயருக்குப் போய்விட்டது. திரும்பி வரும்போது பாய் கீலை இரண்டாவது தடவை மூடிக்கொண்டிருக்கிறான். திருமலையை அந்த இடத்திலேயே கடலில் தள்ளியிருப்பேன்.

“இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாராவுற?” என்றான் திருமலை. “வச்சியோ இல்லியோ. அம்மாம் பெரிய ராக்கெட்டுல ஒரு பொட்டு கிரீஸு இன்னா பண்ணிடப் போவுது? கம்முனு இரு. ஏரியா பூரா பேனர் பாத்துகினு கீது.”

நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் கீலைக் கழற்றிவிடுவார்கள், கோயம்புத்தூர்க் கீல் போய்விடும், இவனுடையது கீழேயே கிடக்கும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒருவேளை வைக்காமலேயே இருந்திருக்கலாம், அப்போது வீணாக வாயைக் கொடுத்து எல்லாவற்றையும் இழந்த கதையாகிவிடும். பாய் இதையெல்லாம் யோசித்தபடி வீட்டுக்குப் போனான். நானும் கூடவே போனேன். அஜீசா முழுக்கக் கேட்டாள். கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“ஒளு செஞ்சமா இல்லியான்னு சந்தேகம் வந்துடிச்சுன்னா இன்னாங்க பண்ணுவீங்க?” என்று கேட்டாள். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவதுதான் ஒளு.

“திரும்ப ஒளு செஞ்சுட்டுத்தான் தொயுவேன்.”

அவள் செருப்பை மாட்டினாள். நான் வேனை எடுத்தேன்.

அம்பத்தூர் போகிற வழியெல்லாம் பாய் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனியில் தஹ்சீனைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னான். “கீல்ல கிரீஸு பட்டிருக்கலாம்மா. பட்டுச்சா இல்லியான்னு எனக்கே தெர்யல.”

அவள் முகம் வெளிறிப்போனது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா!” என்றாள். கோபம்தான், மறைக்கவும் இல்லை. சீல் வைக்கிற வேலை பாதியில் இருந்தது. உள்ளே போய் மற்றவர்களிடம் பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் கையை உதறுவதும், எங்களைத் திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிற்கிற மாதிரி நின்றோம். அஜீசா மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

கீலைக் கழற்ற வெகு நேரம் ஆனது. தஹ்சீன் அதை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்தாள். விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் தருகிற சின்ன டார்ச் ஒன்றைக் காட்டினாள். கிரீஸ் இருந்தால் அதில் மினுங்குமாம். பின்னை மெதுவாக உருவினாள். பின்னின் நடுவில், நீலமாக, ஒரு கடுகளவு மினுங்கியது.

பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். “கயுவிட்டா?” என்று கேட்டான், கேட்காமல் இருக்க முடியாமல்.

“பின்னைக் கழுவலாம் மாமா. ஓட்டைக்குள்ள பூச்சுக்கு அடியில போனதை எப்படிப் பாக்கிறது? என்னால தைரியமா அனுப்ப முடியாது.” குரல் இப்போது இறங்கியிருந்தது. “சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

கீலை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு அவனிடமே கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வேனில் ஏறிய பிறகு அழுதான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். எனக்கும் கண்ணைக் கரித்தது. அவ்வளவு ஆசையை ஒரு மனுஷன் தன் விரலாலேயே கெடுத்துக்கொள்வது அநியாயம் என்று யார் மேலோ கோபம் கோபமாக வந்தது. மாதவரம் ரவுண்டானாவில் முன்னால் போன ஆட்டோக்காரன் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவனைத்தான் திட்டினேன்.

பேனரைப் பாயே ஏணி போட்டு ஏறி அவிழ்த்தான். எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸை யாரும் தூக்கிப் போடுவதில்லை, வெயிலுக்கோ மழைக்கோ ஆகும். பாய் அதை ஷெட் தரையில் விரித்துக்கொண்டான். அதற்கப்புறம் வண்டிக்கு அடியில் போகும்போதெல்லாம் தன் கூலிங் கிளாஸ் முகத்தின் மேலேயே முதுகை வைத்துப் படுத்தான். ஆயில் சொட்டுகளும் அந்த முகத்தில்தான் விழுந்தன. ஏரியா சும்மா விடுமா? “இன்னா பாய், ராக்கெட்டுக்கே கிரீஸ் அட்ச்சியாமே?” என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். மச்சான் யானைக்கவுனியிலிருந்து போன் போட்டுக் கேட்டார். பாய் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தான். “ஆமா நைனா, அட்ச்சேன்.” ஒரு கட்டத்தில் கேட்கிறவர்களுக்கே சலித்துவிட்டது.

ராக்கெட் விடுகிற நாள் வந்தது. பாய் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுவான் என்று நினைத்தேன். திருவொற்றியூர்க் கடற்கரைக்கு நான் போனபோது, அவனும் அஜீசாவும் எனக்கு முன்னாலேயே பாறாங்கல் மேல் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். வடக்கே வெளிச்சம் எழும்பியது. கொஞ்சம் கழித்து அந்தச் சத்தம் தண்ணீர் மேல் உருண்டு வந்து நெஞ்சில் இடித்தது. பாய் எழுந்து நின்று, “போ, போ, போ” என்று கத்தினான். ஏதோ அவன் கொண்டுவிட்ட பிள்ளை ரயில் ஏறிப் போகிற மாதிரிக் கத்தினான். கோடு மறைந்த பிறகும் கழுத்தைத் தூக்கியபடியே நின்றான். கழுத்து வலிக்கும் என்று அஜீசாதான் பிடித்து உட்கார வைத்தாள்.

கோயம்புத்தூர்க் கீல் வேலை செய்தது. கதவு திறந்தது என்று தஹ்சீன் போனில் சொன்னாள். பாய் “அல்ஹம்துலில்லாஹ்” என்றான். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கிரீஸ் டப்பாவுக்கு மூடி தேடினான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் தஹ்சீன் ஷெட்டுக்கு வந்தாள். கார் ரிப்பேர் எதுவும் இல்லை. டேப்லெட் ஒன்றை எடுத்து நீட்டினாள். செயற்கைக்கோள் எடுத்து அனுப்பிய படம். நம்ம ஊரைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்தேன் என்றாள். நாங்கள் எல்லோரும் தலையை உள்ளே விட்டோம். கறுப்பாகக் கடல். ஓரமாக வெள்ளைக் கோடு, அலை. ஹார்பரின் இரண்டு கற்சுவர்கள் கடலுக்குள் கை நீட்டிக்கொண்டிருந்தன. காசிமேட்டுப் படகுத்துறை ஒரு நகக்கீறல் மாதிரி. மேலே எண்ணூர் முகத்துவாரம், வள்ளூர்ப் புகை. திருமலை தன் படகு எங்கே என்று தேடினான். அது தெரியாது என்று தஹ்சீன் சொன்னதை அவன் நம்பவில்லை.

தேடி அலுத்த பிறகு திருமலைக்கு நாக்கு அரித்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கேட்டான். “எல்லாம் சரி பாய். இதுல உன்னுது இன்னா கீது?”

சிரிக்கத் தயாராக நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்குத் திருமலையை அறையலாம் போல இருந்தது. பாய் அவசரப்படவில்லை. விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். டேப்லெட்டை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, படத்தைப் பெரிதாக்கித் திருமலையின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“நல்லாப் பாரு. எங்கனா மங்கலா கீதா?”

திருமலை குனிந்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தான். “இல்லியே. பளிச்சுனு கீது.”

“அதான் என்னுது” என்றான் பாய்.